ஒரு வண்டின் நூறு படங்கள்

(புதுக்கோட்டையில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாசிப்பயற்றையோ உளுந்தையோ டப்பாவில் போட்டு வைத்து, இரண்டு மாதம் அதை மறந்திருந்து, பின்னொரு நாள் திறந்து பார்க்க நேரும் எந்த வீட்டிலும், பயறுதோறும் வட்டமாக ஓட்டை விழுந்திருப்பதையும், அடியில் மாவு படிந்திருப்பதையும், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு வண்டுகள் மேலும் கீழும் ஓடுவதையும் கண்டு முகம் சுளித்து, எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி வெயிலில் காயவைப்பது நமக்கெல்லாம் பழகிப்போன காரியம். அந்தப் பயறு வண்டைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, பதப்படுத்திய பூச்சிகளை மிக நெருங்கிப் படம் பிடிக்கும் ஒரு வித்தையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்தை வைத்திருக்கும் மாவட்டத்தில் இந்தச் சாட்சியைக் கூண்டிலேற்றுவதற்குத் தனியே நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

பயறு வண்டு என்று நாம் ஒரே பெயரால் வழங்கும் இந்தப் பூச்சியில் நம் நாட்டுக் களஞ்சியங்களில் பெரும்பாலும் காணக் கிடைப்பவை இரண்டு இனங்கள். ஒன்று காலசோப்ருகஸ் சைனென்சிஸ். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டது. மற்றொன்று காலசோப்ருகஸ் மாகுலேட்டஸ். அவருடைய மாணாக்கரான ஃபாப்ரிசியஸ் 1775-இல் பெயரிட்டது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்புப் புள்ளிதான். இவற்றைப் பிரித்தறிய உதவும் அடையாளங்கள் உணர்கொம்பின் அமைப்பிலும், மார்புத் தகட்டின் அடிவிளிம்பிலும், பின்தொடையின் நுனியில் இருக்கும் பற்களிலும் ஒளிந்திருக்கின்றன. இவ்வளவு சிறிய உடம்பில், ஒன்றுக்கொன்று எதிரெதிரான பக்கங்களில், வெவ்வேறு மட்டங்களில் அமைந்துள்ள இந்த அடையாளங்களைப் பிறருக்குக் காட்ட வேண்டுமென்றால், ஒன்று கைதேர்ந்த சித்திரக்காரர் ஒருவரை அமர்த்த வேண்டும். அல்லது படம் பிடிக்க வேண்டும்.

படம் பிடிப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். தேனீயையும் தட்டானையும் கைபேசியிலேயே எடுத்து ஊரெங்கும் அனுப்பிவைக்கும் இக்காலத்தில் அக்கேள்வி நியாயமானதே. கஷ்டம் லென்ஸின் சுபாவத்திலேயே இருக்கிறது. எந்த லென்ஸும் தன் முன்னே உள்ள ஒரேயொரு தளத்தைத்தான் பூரணத் தெளிவோடு காட்ட வல்லது. அத்தளத்துக்கு முன்னும் பின்னும் சிறிது தூரம் வரையில் உள்ளவை தெளிவு குன்றாதவைபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. மலையையும் கோபுரத்தையும் எடுக்கும்போது இத்தனை என்று சொல்ல முடியாத நீளத்துக்கு விரிந்து கிடக்கும் அந்த இடைவெளி, பொருளை நெருங்க நெருங்க, உருவத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கச் சுருங்கிக்கொண்டே வருகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் நல்ல நுண்ணோக்கி லென்ஸ் ஒன்றில், ஒளி வாங்கும் கோணத்தைக் குறிக்கும் எண் 0.28 என்று இருக்குமானால், தெளிவு நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கியதில் ஏழு கூறு, அதாவது ஏழு மைக்ரான் மாத்திரமே. அது ஒரு தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வண்டின் கண்ணில் தெளிவை நிறுத்தினால் கொம்பு புகையாகிவிடும். கொம்பில் நிறுத்தினால் கண் கரைந்துவிடும்.

காமிராவில் பழகியவர்கள் உடனே ஒரு பரிகாரம் சொல்வார்கள்: துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்பார்கள். கூடும், மறுக்கவில்லை. ஆனால் சிறு துவாரத்தின் வழியே நுழையும் ஒளி விளிம்புகளில் பட்டுப் பரந்துவிடுவதால், ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. துவாரம் சுருங்கச் சுருங்க அவ்வட்டம் பெருக்கிறது. அசல் அளவிலேயே உருவம் விழும்படி நெருங்கிப் படமெடுக்கும்போது, நீங்கள் 16 என்று வைத்த துவாரம் நடைமுறையில் அதனினும் சிறிதான 32 என்று வைத்ததற்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு மேலும் பெரிதாக்கினால் நிலைமை இன்னும் மோசம். நுண்ணோக்கியின் தெளிவுக்கு ஒளியின் அலைநீளமே ஓர் எல்லை வகுக்கிறது என்பதை ஜெர்மனியில் யேனா நகரில் இருந்த எர்ன்ஸ்ட் ஆபே 1873-லேயே எழுதிவைத்துவிட்டார். ஆழம் வேண்டுமென்றால் நுட்பம் போய்விடும், நுட்பம் வேண்டுமென்றால் ஆழம் போய்விடும் என்ற இந்தச் சங்கடத்தை எந்த விலையுயர்ந்த லென்ஸாலும் விலக்க முடியாது. காசைக் கொட்டினால் தீரும் குறையாக இருந்திருந்தால் நான் இங்கே வந்து பேச வேண்டிய அவசியமே இராது.

இதற்குக் கண்டுபிடித்த உபாயந்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதாவது பல தெளிவுத் தளங்களை அடுக்கிச் சேர்க்கும் அடுக்குப் பட முறை. ஆழத்தை ஒரே படத்தில் பெறும் ஆசையை அறவே விட்டுவிட்டு, துவாரத்தை நன்றாகத் திறந்து வைத்து, மெல்லிய தெளிவுத் தளம் ஒன்றை மட்டும் எடுப்பது. பிறகு காமிராவையோ பூச்சியையோ திருகு ஒன்றினால் இம்மி நகர்த்தி அடுத்த தளத்தை எடுப்பது. இப்படியே முன்நுனி தொடங்கிக் கடைக்கோடி வரை ஒரு மட்டமும் விடாமல் எடுத்துக்கொண்டு போய், கடைசியில் ஒவ்வொரு படத்திலும் தெளிவாக விழுந்த பாகத்தை மட்டும் பொறுக்கிச் சேர்த்து ஒரே உருவமாக்குவது. கோடையில் நம் ஊர்க் குளத்தில் தண்ணீர் வற்ற வற்ற, படித்துறையின் படிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்படுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அந்த நீர்மட்டம் போலத்தான் தெளிவுத் தளம் பூச்சியின் உடம்பில் இறங்கிக்கொண்டே போகிறது. ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் தெளிவின் ஆழம் ஏறக்குறைய 28 மைக்ரான். ஒன்றன் மேல் ஒன்று சற்றே படியும்படி 20 மைக்ரானுக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள பயறு வண்டுக்கு நூறு படங்கள் வேண்டும். தலையை மட்டும் பத்து மடங்கு லென்ஸில் எடுக்கப் போனால் அதற்கே அவ்வளவு ஆகிவிடும்.

பொறுக்கிச் சேர்க்கும் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. தெளிவான இடத்தில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே ஒளியும் இருளும் சட்டென்று மாறும். மங்கிய இடத்தில் மெதுவாக மாறும். இந்த ஒரே சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கணிப்பொறி எல்லாப் படங்களையும் சல்லடை போடுகிறது. உருவத்தைப் பெரிய அம்சம், சிறிய அம்சம், அதனினும் சிறிய அம்சம் என்று படிப்படியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் ஒரு கணிதமுறையை பர்ட், அடெல்சன் என்ற இருவர் 1983-இல் வெளியிட்டார்கள். இன்று வழங்கும் ஸ்டாக்கிங் மென்பொருள்களில் ஒரு வகை அதன் வழிவந்தது. ஜெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் என்ற இரண்டும் இத்துறையில் பெயர் பெற்றவை. விலை கொடாமல் கிடைப்பவையும் உண்டு. இந்தப் பகுதியை இத்துடன் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் பொத்தானை அழுத்தினால் நடந்துவிடும் காரியம் அது. உண்மையான உழைப்பெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது.

உயிருள்ள பூச்சி நூறு படங்களுக்கு அசையாமல் நிற்காது. விடியற்காலைக் குளிரில் விறைத்துக் கிடக்கும் தட்டானைச் சிலர் இம்முறையில் எடுத்திருக்கிறார்கள் என்றாலும், அது அதிர்ஷ்டத்தோடு சேர்ந்த பொறுமை. ஆகவே இக்கலை பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் கலையாகவே வளர்ந்தது. ஊசியில் குத்தி உலர்த்திய பூச்சிகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். வண்டினத்தில் ஊசியை முதுகின் நடுவே குத்துவதில்லை. வலப்பக்கச் சிறகுறையில் குத்துவார்கள். ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் முழுதாக நிற்க வேண்டும் என்பது அதன் காரணம். பயறு வண்டைப் போன்ற சிறிய உருவங்களை ஊசி தாங்காது. கூம்பாக வெட்டிய சிறு அட்டைத் துண்டின் நுனியில் துளி பசை வைத்து, பூச்சியின் பக்கவாட்டை அதில் ஒட்டி, அந்த அட்டையைத்தான் ஊசியில் ஏற்றுவார்கள். இவற்றையெல்லாம் இறுக மூடும் பெட்டியில் வரிசையாக வைத்து, அந்துருண்டையையும் போட்டுவைத்தால், எறும்பு அண்டாமல் தலைமுறை கடந்து நிற்கும். பூச்சிகளையே தின்னும் சிறு வண்டு ஒன்று உண்டு. அருங்காட்சியகங்களின் பரம வைரி அதுதான். அசட்டையாக விட்ட பெட்டியில், ஒரு வருஷம் கழித்து, ஊசியும் விவரச் சீட்டும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

உலர்ந்த பூச்சி கண்ணாடி போல நொறுங்கும் தன்மையது. காலை மடித்து, கொம்பை மார்புக்கடியில் செருகிக்கொண்டு இறந்துபோனதை அப்படியே படம் பிடித்தால், நாம் காட்ட வேண்டியதெல்லாம் மறைவிலேயே இருக்கும். ஈரமணல் பரப்பி, பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு துளி கிருமிநாசினி விட்டு மூடிய டப்பாவுக்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்தால் மூட்டுகள் இளகும். பிறகு மெல்லிய இடுக்கியால் கொம்புகளை முன்னுக்கு இழுத்து, கால்களை ஆறும் தெரியும்படி பரப்பி, அந்நிலையிலேயே மறுபடி காயவிட வேண்டும். கை நடுங்கினால் கொம்பு போயிற்று. இவ்வேலையில் நெடுங்காலம் பழகியவர்களைக் கவனித்தால், மூச்சைக்கூட அளந்து விடுவதைக் காணலாம்.

அடுத்தது தூசு. வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் பூச்சியை ஐந்து மடங்கு லென்ஸில் வைத்துப் பார்த்தவர்கள் முதலில் அடையும் உணர்ச்சி வெட்கந்தான். பஞ்சுநார், உப்புத்தூள் போன்ற துகள்கள், அதன் சொந்த இறகுப்பொடி, தின்ற பயற்றின் மாவு, எல்லாம் பாறைகளாகவும் வடங்களாகவும் உடம்பெங்கும் கிடக்கும். ஒற்றை மயிர்த் தூரிகையைச் சாராயத்தில் தோய்த்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். படத்தைக் கணிப்பொறியில் ஏற்றியபின் தூசை அழித்துக்கொள்ளலாமே என்பது சோம்பேறியின் சமாதானம். அழிக்கும்போது தூசையும் மயிரையும் யார் பிரித்தறிவது? மயிர்களின் எண்ணிக்கையும் கிடக்கையும் இனத்தை நிச்சயிக்கும் பிரமாணங்களாக இருக்கிற சாஸ்திரத்தில், கண்மதிப்பாக அழிப்பது பொய்ச் சாட்சிக்கு ஒப்பாகும்.

இனி அதிர்வு. ஏழு மைக்ரான் ஆழத்தில் வேலை செய்கிறவனுக்கு உலகம் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. தெருவில் பஸ் போனால் ஆட்டம். மாடிப்படியில் ஆள் இறங்கினால் ஆட்டம். மின்விசிறி சுழன்றால் காற்றில் பூச்சியின் கொம்பு தனியே ஆட்டம். சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வித்தைக்குப் புதுக்கோட்டையில் செலுத்த வேண்டிய காணிக்கை. அதிர்வைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. கனமான கருங்கல் பலகை ஒன்றின்மேல் காமிராவையும் பூச்சியையும் சேர்த்தே பொருத்திவிட்டால், ஆடினாலும் இரண்டும் ஒன்றாக ஆடும். கல்லுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. மற்றது ஃபிளாஷ் விளக்கு. அதன் பலத்தைக் குறைத்து வைத்தால் வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னி மறைகிறது. அவ்வளவு சொற்ப நேரத்தில் எந்த ஆட்டமும் படத்தில் பதியாது.

விளக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் பொன்வண்டைச் சொல்லாமல் போகக் கூடாது. தீப்பெட்டிக்குள் இலையைப் போட்டு வளர்த்து, முட்டையிடுமா என்று மணிக்கொருதரம் திறந்து பார்த்த பிள்ளைப்பிராயம் இந்த அவையில் பலருக்கும் இருந்திருக்கும். அதன் பச்சையும் செம்பொன்னும் சாயத்தால் வந்தவை அல்ல. சிறகுறையின் மேல்தோலில் மெல்லிய படலங்கள் ஒன்றன்மேலொன்றாக அமைந்து, ஒளியைத் தெரிந்தெடுத்துத் திருப்புவதால் விளைந்தவை. அதனால்தான் தட்டானின் நீலமும் சிவப்பும் செத்த சில நாளில் கருகிப்போக, பொன்வண்டின் நிறம் நூற்றாண்டுகள் கழிந்தும் அருங்காட்சியகப் பெட்டியில் மங்காமல் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன் இவ்வகை நிறங்களில் தீராத ஆசை கொண்டு வண்ணத்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் சேகரித்தார் என்பதை நினைவூட்டுகிறேன். ஆனால் படம் எடுப்பவனுக்கு இந்தப் பளபளப்பே சத்துரு. விளக்கை நேரே காட்டினால் முதுகில் வெள்ளைத் தழும்பு விழுந்து நிறம் ஒழிந்துபோகும். ஆகவே பூச்சியைச் சுற்றிலும் ஒளியை வடிகட்டும் வெண்திரை வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் சாதனம் எதையும்விட, டீக்கடைக் காகிதக் கோப்பையின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வெளியிலிருந்து விளக்கடிப்பது மேல் என்பது என் அனுபவம்.

இவ்வளவும் செய்து முடித்துப் பயறு வண்டின் படம் திரையில் சேர்ந்து வரும்போது காண்பது என்ன? பழுப்புப் புள்ளி என்று நினைத்தது, வெள்ளையும் தவிட்டு நிறமும் கறுப்புமாகிய மயிர்கள் ஒரே திசையில் படிந்து வரைந்த கோலம் என்று தெரிகிறது. சிறகுறை வயிற்றை முழுக்க மூடாமல் பின்னால் ஒரு தகடு வெளியே தெரிகிறது. கண் உருண்டையாக இல்லை. முன்பக்கம் ஆழமாகக் குடைந்திருக்க, அக்குடைவில் பொருந்தி உணர்கொம்பு கிளம்புகிறது. சைனென்சிஸ் ஆணானால் கொம்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் நீண்டு சீப்பாக நிற்கும்; அதன் பெண்ணிலும், மாகுலேட்டஸின் இரு பாலிலும் அவை வாள்பல்லாக மட்டுமே இருக்கும். மார்புத் தகட்டின் அடிவிளிம்பில், நடுவே, சைனென்சிஸுக்கு யானைத் தந்தத்தின் நிறத்தில் இரண்டு மேடுகள். பின்தொடையைப் பக்கவாட்டில் எடுத்த படத்தில், அடிப்பக்கத்து இரு வரம்புகளிலும் நுனிக்கருகே ஒவ்வொரு பல். இவையெல்லாம் புஸ்தகத்தில் படித்த சங்கதிகள்தாம்; ஆனால் கொம்பும் மேடும் பல்லும் தத்தம் மட்டத்தில் ஒருங்கே கூர்மையாக நிற்கக் காணும்போது, படித்ததற்கும் அறிந்ததற்கும் இடையே இருந்த தூரம் திடீரென்று குறைந்துவிடுகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அதுதான் இன்றைய பேச்சின் கருவென்று நான் கருதுவது. இப்படி ஒரு வண்டை யாராவது எப்போதாவது கண்டதுண்டா? இல்லை. எந்தக் கண்ணும், எந்த நுண்ணோக்கியும், எந்தக் கணத்திலும் இவ்வுருவத்தை ஒருசேரக் கண்டதில்லை. நூறு பார்வைகளைத் துண்டாடி ஒட்டிய இதனைப் புகைப்படம் என்று சொல்வது தகுமா, அல்லது இது ஒரு வகைச் சித்திரமா?

சித்திரந்தான் என்பது என் அபிப்பிராயம். அதில் இழிவு எதுவும் இல்லை என்பதும் என் அபிப்பிராயம். லண்டனில் 1665-இல் வெளிவந்த மைக்ரோகிராஃபியா என்ற நூலில் ராபர்ட் ஹூக் வரைந்த தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். அவருடைய நுண்ணோக்கியிலும் தெளிவின் ஆழம் மெல்லியதுதான். ஒரே ஈயின் கண், ஒளி விழும் விதத்துக்கேற்பத் துளைகள் நிறைந்த தட்டியாகவும் பொன்னாணி அறைந்த பரப்பாகவும் மாறிமாறித் தோன்றுவதைக் கண்டு திகைத்து, பல ஒளிகளிலும் பல நிலைகளிலும் பார்த்து மெய்யுருவம் இன்னதென்று நிச்சயித்துக்கொண்ட பிறகே அவர் பென்சிலைத் தொட்டார். கணிப்பொறி இன்று செய்கிற வேலையை அவர் மனத்துக்குள் செய்தார். சென்னை அரசாங்க அச்சகம் 1914-இல் வெளியிட்ட ஃபிளெச்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலில் உள்ள வண்ணப் படங்களும் அவ்வாறு பார்த்துப் பார்த்துத் தீட்டியவையே.

லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இங்கிருந்து பத்துக் கல் தொலைவில் சித்தன்னவாசலில், அறிவர் கோயில் அர்த்தமண்டபத்தின் விதானத்தில், தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அக்குளத்தில் நீருக்குள் மீனும், நீர்மேல் பறவையும், யானையும் எருமையும், பூப்பறிக்கும் மனிதரும் இருக்கிறார்கள். எதிலும் புகை இல்லை. எதுவும் தொலைவு காரணமாக மங்கவில்லை. கிட்டே நின்று பார்த்தால் மீன் எப்படித் தெரியுமோ, கிட்டே நின்று பார்த்தால் இதழ் எப்படித் தெரியுமோ, அப்படியே ஒவ்வொன்றும் தீட்டப்பட்டிருக்கிறது. கரையில் ஓரிடத்தில் ஒரு கணம் நின்ற மனிதன் அதைக் கண்டிருக்க முடியாது. பல நாள் பல இடத்தில் நின்று கண்டதை ஒரே பரப்பில் சேர்த்தவன்தான் அந்த ஓவியன். அவன் குளத்தைப் பொய்யாகத் தீட்டினான் என்று எவரும் சொல்லமாட்டோம். அதே நீதியை அடுக்குப் படத்துக்கும் வழங்கலாம். ஒரு கணத்தின் சாட்சியாக அதை ஏற்க வேண்டாம். ஓர் உருவத்தைப் பற்றிய அறிவாக ஏற்கலாம்.

ஆனால் ஓவியனுக்கில்லாத ஒரு கடமை அடுக்குப் படம் எடுப்பவனுக்கு உண்டு: எங்கே இட்டுக்கட்டியது புகுந்திருக்கிறதென்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மயிரும் மயிரும் குறுக்கிடும் இடத்தில் கணிப்பொறி தடுமாறும். ஒளி ஊடுருவும் சிறகுக்கு அப்பால் கால் இருந்தால், எதை முன்னே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் கலந்துவிடும். எந்த இடம் எந்தப் படத்தில் தெளிவு என்று குறித்த மட்டங்களின் வரைபடத்தைக் கொண்டு சேர்க்கும் முறையில் நிறம் உண்மையாக நிற்கும், விளிம்புகளில் ஒளிவட்டம் விழும். அம்சம் அம்சமாகப் பிரித்துச் சேர்க்கும் முறையில் மயிர்கள் ஒழுங்காக வரும், பரப்பில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறும். கெட்டிக்காரர்கள் இரண்டு விதமாகவும் சேர்த்துப் பார்த்து, பாகத்துக்கேற்ப ஒட்டுவார்கள். எத்தனை படங்கள், எவ்வளவு இடைவெளி, எந்த லென்ஸ், எந்த முறை என்பதை எழுதிவைக்காத படத்தை நான் நம்புவதில்லை. அளவுகோடு போடாத படத்தை அதைவிடவும் நம்புவதில்லை.

அழகுக்காகவே செய்கிறவர்களும் உண்டு. லெவன் பிஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துப் பூச்சிகளை எடுத்து 2016-இல் காட்சிக்கு வைத்தார். ஒரே பூச்சியை இருபத்தைந்து முப்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே விளக்கமைத்து, பூச்சி ஒன்றுக்கு எட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து, ஆளுயரத்தையும் மிஞ்சிய அளவில் அச்சிட்டார். பிரமிப்பூட்டும் சாதனை. ஆயினும் பகுதிதோறும் வேறு வேறு ஒளி பெற்ற அந்த உருவங்களைவிட, எளிய வெள்ளொளியில் எடுத்த, அடியில் அளவுகோடு போட்ட, எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்ட படங்களே என் நெஞ்சுக்கு நெருக்கமானவை. அமெரிக்க நிலவியல் துறையின் தேனீ ஆய்வகம் அப்படி விட்டிருக்கிறது. கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் ஆன்ட்வெப் எறும்புகளுக்காகவே அப்படியொரு தொகுப்பை வளர்த்து வருகிறது.

நமக்கு இது ஏன் முக்கியம் என்பதற்குத் தரங்கம்பாடியைச் சொல்கிறேன். லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் என்பவர் 1768-இல் வைத்தியராக அங்கே வந்திறங்கி, தஞ்சைச் சீமையில் திரிந்து, கரையானைப் பற்றி 1779-இல் ஒரு கட்டுரை எழுதி, 1785-இல் காக்கிநாடாவுக்கு அருகே காலமானார். அவரும் அவர்போன்ற பிறரும் இந்தக் கரையில் பிடித்தனுப்பிய பூச்சிகளுக்கு ஃபாப்ரிசியஸ் ஐரோப்பாவிலிருந்தே பெயரிட்டார். ஓர் இனத்துக்கு முதன்முதல் பெயரிடக் காரணமாயிருந்த அந்த ஆதிப் பிரதிகள் பல கோபன்ஹேகனில் இருக்கின்றன. நம்மூர் வயலில் பிடித்த வண்டு அந்த வண்டுதானா என்று தீர்மானிக்க, முன்பெல்லாம் கப்பலேற வேண்டும், அல்லது உடையக்கூடிய அந்தப் பிரதியைத் தபாலில் வரவழைக்க வேண்டும். நல்ல அடுக்குப் படங்கள் இருந்துவிட்டால் இரண்டும் பெரும்பாலும் வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் செய்யக்கூடியது என்ன என்று சொல்லி முடிக்கிறேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1910-இல் நிறுவிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. விலங்கியலுக்கு அங்கே இடமும் இருக்கிறது. கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒப்படைக்கும் பூச்சிப்பெட்டிகள் அலமாரிகளில் கிடக்கின்றன. படத்துக்காகப் புதிதாக எதையும் கொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கின் கீழ் காலையில் பெருக்கினால் ஒரு வாரத்துக்குத் தேவையானது கிடைக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல வண்ணத்துப்பூச்சிகளும் சில வண்டுகளும் இருப்பதால், காட்டுக்குள் வலை வீசப் போகிறவர்கள் முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். சாதனத்துக்கும் பெருஞ்செலவு வேண்டாம். பழைய காமிரா ஒன்று. தலைகீழாகத் திருப்பி மாட்டிய சாதாரண லென்ஸ் ஒன்று. பட்டறையில் கடைந்து வாங்கிய திருகு ஒன்று.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பயறு வண்டுக்கு அடுத்தபடி தைலமரத்துக் குளவியைச் சொல்வேன். வனத் தோட்டக் கழகமும் தனியாரும் வளர்க்கும் தைலமரங்கள் இங்கே எத்தனை ஏக்கர் என்பதும், நிலத்தடி நீரை அவை என்ன செய்கின்றன என்பதும் வேறு மேடையில் வைக்க வேண்டிய வழக்குகள். அம்மரக் கன்றுகளின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் ஆஸ்திரேலியக் குளவி ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவியது. லெப்டோசைபி இன்வேசா என்று 2004-இல்தான் அதற்குப் பெயர் சூட்டினார்கள். நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பழுப்பு உடம்பில் நீலப்பச்சை மினுக்கம். அதன் முடிச்சுகளிலிருந்து அதைத் தின்று வளர்ந்த வேறு நுண்குளவிகளும் வெளிவரும். கெடுப்பது எது, கெடுப்பதைக் கெடுப்பது எது என்று வெறுங்கண்ணால் சொல்ல இயலாது. முடிச்சு விழுந்த கிளை ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தால், குளவிகள் தாமே வந்து சேரும்.

எடுக்க வேண்டிய படங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. எறும்புக்கு ஆன்ட்வெப் கடைப்பிடிக்கும் வரிசையை நாமும் அப்படியே கைக்கொள்ளலாம்: முகத்தை நேரே ஒன்று, உடம்பைப் பக்கவாட்டில் ஒன்று, முதுகை மேலிருந்து ஒன்று. நான்காவது படம், ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்தியிருக்கும் சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் செடி, யார் பிடித்தது என்று எழுதியிருக்கும் அந்தச் சீட்டுக்கு ஸ்டாக்கிங் வேண்டியதில்லை, ஒரே படம் போதும். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான். ஆகையால் அதை முதலில் எடுத்துவிட்டு மற்ற மூன்றுக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.